கல்லெழுத்தும் கணிப்பொறிப் பக்கமும்: புதுக்கோட்டைக் கல்வெட்டுகளை வினவத்தக்கவாறு அமைக்கும் முறை

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தைக் கல்வெட்டுகளின் கருவூலம் எனக் கூறுவது மிகையன்று. சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் எனப்படும் சமணர் குகையில் காணப்படும் தமிழி எழுத்து, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. குடுமியான்மலையில் குடைவரைக்கு அருகே பாறையில் பொறிக்கப்பட்டுள்ள இசைக் கல்வெட்டு, இந்திய இசை வரலாற்றுக்கே இன்றியமையாத சான்றாகும். நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம் முதலிய ஊர்களின் கோயிற் சுவர்களும் பாறைகளும் அக்கால மக்களின் கொடையையும் வழக்கையும் நீர்ப்பங்கீட்டையும் இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன.

இக்கல்வெட்டுகளைக் கணிப்பொறியில் எவ்வாறு ஏற்றினால், பிற்காலத்தார் கேட்கும் வினாக்களுக்கு அவை விடையளிக்கும்? பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் இயங்கும் பக்க மேலாண்மை மென்பொருள் ஒன்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணிப்பொறித் துறை பயிலாத தமிழ் மாணவரும் பின்பற்றத்தக்க வகையில் செய்திகள் இங்குத் தரப்படுகின்றன.

ஒரு பெரியவரின் வினா

சில ஆண்டுகளுக்கு முன், எம் மாணவர் சிலர் தத்தம் ஊரைச் சுற்றியுள்ள கல்வெட்டுச் செய்திகளைத் தொகுத்து, இணையத்தில் நீண்டதொரு பக்கமாக ஏற்றினர். உழைப்பு பெரிது, பிழையும் குறைவு. அதனைக் காண வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “தம்பி, இவற்றுள் கண்மாய், மடை பற்றிய கல்வெட்டுகள் எவை எவை? ஊர்வாரியாக எடுத்துத் தர இயலுமா?” என்று கேட்டார். அவருடைய ஊரில் கண்மாயைத் தூர்வாரும் பணி அப்போது நடந்துகொண்டிருந்தது. பழைய மடை இருந்த இடத்தை அறிவதற்குக் கல்வெட்டுச் சான்று உதவுமா என்பது அவரது எண்ணம்.

மாணவர்கள் ‘கண்மாய்’ என்ற சொல்லைத் தேடுபெட்டியில் இட்டுப் பார்த்தனர். ஒன்றும் இல்லை என்று விடை வந்தது. கல்வெட்டுகளில் அச்சொல் இல்லை. ‘ஏரி’ என்றும் ‘குளம்’ என்றும் ‘குமிழி’ என்றும் ‘தூம்பு’ என்றும் இருந்தன. இறுதியில் தாம் தட்டச்சிட்டதை எல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து மீண்டும் படித்தே விடை எடுத்துத் தந்தனர். அப்பெரியவர், “நன்றாக எழுதி வைத்திருக்கிறீர்கள், ஆனால் எடுக்கும்படியாக வைக்கவில்லை” என்றார். இக்கட்டுரை எழுதத் தூண்டியது அச்சொல்லே ஆகும்.

நூலின் அடைவும் அதன் எல்லையும்

புதுக்கோட்டைச் சமஸ்தான அரசு 1929இல் தன் எல்லைக்குட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை நூலாக அச்சிட்டது. அரச மரபுகளின் முறைப்படி அந்நூல் அடைவு செய்யப்பட்டது. 1940களில் கே. ஆர். சீனிவாச ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஆட்சி முறை மாறியபோதும் அத்தொகுதி ஆய்வாளர்க்கு அடிப்படை நூலாகவே விளங்கி வருகிறது.

மரபுவாரி அடைவு, ‘சோழர் காலத்துக் கல்வெட்டுகள் எவை?’ என்று கேட்பவர்க்கு உடனே விடை தரும். ‘குடுமியான்மலைக் கல்வெட்டுகள் எவை?’ என்று கேட்பவர் பல பகுதிகளைப் புரட்ட வேண்டும். ‘நீர்நிலை பற்றியவை எவை?’ என்று கேட்பவர் நூல் முழுவதையும் படிக்க வேண்டும். இது தொகுத்தோரின் குறையன்று; அச்சு நூலின் இயல்பு. நூலுக்கு ஒரே ஒரு வரிசைதான் இருக்க முடியும். பின்னிணைப்பாகப் பொருளடைவு சேர்க்கலாம். அதுவும் தொகுத்தவர் எண்ணிய வினாக்களுக்கே விடை தரும்.

நூல் மூடப்பட்ட பின்னர்க் கிடைக்கும் சான்றுகளும் உள. புதுக்கோட்டை நகரை அடுத்த பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2023இல் அகழாய்வு மேற்கொண்டது. இத்தகைய புதிய செய்திகளுக்கு 1929ஆம் ஆண்டு நூலில் இடமில்லை. வரிசை பலவாகவும் வரவு திறந்ததாகவும் உள்ள ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. கணிப்பொறியின் பயன் இங்கேதான் தொடங்குகிறது.

பி.எச்.பி.யும் பக்க மேலாண்மையும்

ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் 1995இல் தம் சொந்த இணையப் பக்கத்தைப் பேணுவதற்கென உருவாக்கி வெளியிட்ட சிறு கருவியே பின்னர் வளர்ந்து பி.எச்.பி. என்னும் நிரல்மொழியாயிற்று. பயனர் ஒரு பக்கத்தைக் கேட்கும்பொழுது, தரவுத்தளத்தில் உள்ள செய்திகளை எடுத்து, அக்கணமே பக்கமாக அமைத்து அனுப்புவது அதன் பணி. இதனை அடிப்படையாகக் கொண்டு, நிரல் எழுதத் தெரியாதவரும் செய்திகளை ஏற்றித் திருத்துவதற்கு வழிசெய்யும் மென்பொருள்களைப் பக்க மேலாண்மை மென்பொருள்கள் என்கிறோம். வேர்டுபிரஸ், துருபல் ஆகியன இவ்வகையில் பலரும் அறிந்தவை.

ஈண்டுச் சான்றாகக் கொள்வது புராசஸ்வயர் என்னும் மென்பொருளாகும். ரயன் கிரேமர் என்பார் உருவாக்கிய இம்மென்பொருள் 2010இல் திறந்த மென்பொருளாக வெளியிடப்பட்டது. இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் அதன் எளிய கோட்பாடு. இதில் எல்லாமே பக்கம். கல்வெட்டும் ஒரு பக்கம். ஊரும் ஒரு பக்கம். மன்னரும் ஒரு பக்கம். பக்கங்கள் மரம்போல் கிளைத்து நிற்கின்றன. ஒவ்வொரு பக்கமும் ஏதேனும் ஒரு வார்ப்புருவைச் சார்ந்தது. வார்ப்புரு என்பது அப்பக்கத்தில் எந்தெந்தப் புலங்கள் இருக்க வேண்டும் என்று வரையறுப்பது. இம்மூன்றையும் அறிந்தால் அமைப்பு விளங்கிவிடும்.

வார்ப்புருவும் புலமும்

எம் மாணவர்கள் செய்த பிழை யாது? கல்வெட்டு எண், ஊர், மன்னர், காலம், செய்தி ஆகிய அனைத்தையும் ஒரே பத்தியில் உரைநடையாக எழுதினர். படிப்பவர்க்கு அது தெளிவு. கணிப்பொறிக்கோ அது எழுத்துகளின் நீண்ட சங்கிலி மட்டுமே. அதில் எது ஊர், எது மன்னர் என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை.

எனவே ‘கல்வெட்டு’ என்றொரு வார்ப்புரு அமைத்து, அதனுள் தனித்தனிப் புலங்கள் வைத்தல் வேண்டும். அவை வருமாறு:

1. 1929 நூலில் உள்ள வரிசை எண்
2. கண்டெடுத்த ஊர்
3. இப்போது உள்ள இடம்
4. கல்லில் உள்ளபடி மன்னர் பெயர்
5. ஆய்வாளர் கருதும் மன்னர்
6. கல்லில் உள்ளபடி ஆட்சியாண்டு
7. பொது ஆண்டு: தொடக்கமும் முடிவும்
8. காலம் கணித்ததன் அடிப்படை
9. மொழி
10. எழுத்து
11. பொருள் வகை
12. பாடம்
13. சுருக்கமும் குறிப்பும்

மொழியையும் எழுத்தையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். குடுமியான்மலை இசைக் கல்வெட்டே அதற்கு விடை. அதன் எழுத்து கிரந்தம், மொழி வடமொழி, இறுதியில் உள்ள குறிப்போ தமிழ். ‘கிரந்தக் கல்வெட்டு’ என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்தி மறைந்துவிடும். மொழிப் புலம் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை ஏற்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

ஊர்ப் பெரியவர் கேட்ட வினாவுக்கு விடையளிப்பது பதினோராம் புலம். கல்லில் ‘குமிழி’ என்றிருப்பினும் ‘ஏரி’ என்றிருப்பினும், பொருள் வகையில் ‘நீர்நிலை’ என்று குறித்துவிட்டால் ஒரே வினாவில் அனைத்தும் வந்து சேரும். கல்லின் சொல் பாடத்தில் அப்படியே இருக்கட்டும்; வகைப்படுத்தும் சொல் தனிப் புலத்தில் இருக்கட்டும். இரண்டையும் கலத்தல் கூடாது. வகைப்பெயர்களையும் அவரவர் விருப்பம்போல் எழுதவிடாமல், முன்னரே வகுத்த பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தல் வேண்டும்.

பக்க மரத்தில் இடம் எது?

கல்வெட்டுப் பக்கங்களை மரத்தின் எக்கிளையில் வைப்பது என்பது அடுத்த சிக்கல். சோழர் என்னும் கிளையின்கீழ் வைத்தால் மீண்டும் 1929ஆம் ஆண்டு நூலின் எல்லைக்கே திரும்புகிறோம். ஊரின்கீழ் வைக்கலாம் எனத் தோன்றும். கல் நகராது என்பது நம் எண்ணம். ஆனால் கல்லும் நகரும். திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கப்பெற்ற புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பல ஊர்களிலிருந்து கற்கள் கொண்டுவரப்பட்டுள்ளன. அத்தகைய கல்லின் ஊர் எது? கண்டெடுத்த ஊரா, திருக்கோகர்ணமா? இரண்டும் உண்மை, இரண்டும் வேறு செய்திகள். அதனாலேயே மேற்கண்ட பட்டியலில் இரண்டாம் புலத்தையும் மூன்றாம் புலத்தையும் பிரித்தோம்.

ஆதலின் கல்வெட்டுகள் அனைத்தையும் ‘கல்வெட்டுகள்’ என்ற ஒரே கிளையில் வைத்தலே சிறந்தது. ஊர்கள், மன்னர்கள், மரபுகள், பொருள் வகைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கிளைகள் அமைய வேண்டும். மரத்தில் உள்ள இடம் பக்கத்தின் முகவரியைக் காட்டினால் போதும். அதன் பொருளைக் காட்டும் பொறுப்பைப் புலங்கள் ஏற்க வேண்டும். முகவரி மாறினால் அதனை மேற்கோள் காட்டிய ஆய்வேடுகள் எல்லாம் வழியற்றுப் போகும். எனவே பக்கத்தின் பெயரை மன்னர் பெயராலோ கருத்தாலோ அமைக்காமல், எண்ணால் அமைப்பது நன்று. ஆய்வுக் கருத்து மாறும், எண் மாறாது.

பெயரும் சுட்டும்

கல்வெட்டுப் பக்கத்தில் ஊர்ப்பெயரை எழுத்தாகத் தட்டச்சிடுவதா, ஊர்ப் பக்கத்தைச் சுட்டுவதா என்பது மிக முதன்மையான வேறுபாடு. ஒருவர் ‘நார்த்தாமலை’ என்பார். மற்றொருவர் ‘நார்த்தா மலை’ என்பார். கல்லில் உள்ள ‘தெலிங்ககுலகாலபுரம்’ என்ற பழம்பெயரையே வேறொருவர் எழுதுவார். கணிப்பொறிக்கு இவை மூன்று ஊர்கள். குடுமியான்மலைக்கும் ‘திருநலக்குன்றம்’ என்ற பழம்பெயர் உண்டு என்பதை மாணவர் அறிவர்.

இதனைத் தவிர்க்க, ஊர்களுக்கு ஒரு வார்ப்புரு அமைத்து, ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஒரு பக்கம் உருவாக்க வேண்டும். பழம்பெயர்கள், வழக்குப் பெயர்கள் ஆகியன அப்பக்கத்தின் புலங்களில் இடம்பெறும். கல்வெட்டுப் பக்கம் அவ்வூர்ப் பக்கத்தைச் சுட்டும். புராசஸ்வயரில் இதற்கெனப் பக்கச் சுட்டு என்னும் புலவகை உள்ளது. ஊர்ப்பெயரில் பிழை இருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அதனைச் சுட்டும் அனைத்துப் பக்கங்களிலும் திருத்தம் தானே தோன்றும்.

மன்னர் செய்தியில் இவ்வேறுபாடு இன்னும் நுட்பமானது. சோழர் ‘இராசகேசரி’, ‘பரகேசரி’ என்னும் பட்டப்பெயர்களை மாறிமாறிச் சூடினர். கல்லில் இராசகேசரி என்று மட்டும் இருந்தால் எந்த மன்னர் என்று உறுதியாகக் கூறல் அரிது. அதனைப் படித்தவர் ஒருவர் ஆதித்தன் எனலாம். மற்றொருவர் முதலாம் இராசராசன் எனலாம். எனவே கல்லில் உள்ள பெயரை எழுத்தாக ஒரு புலத்திலும், ஆய்வாளர் கருதும் மன்னரைச் சுட்டாக மற்றொரு புலத்திலும் வைத்தல் வேண்டும். முன்னது சான்று, பின்னது முடிவு. சான்றின் மேல் முடிவை எழுதிவிட்டால், பின்வருவோர் மறுஆய்வு செய்ய வழியே இராது.

காலத்தைக் குறிக்கும் முறை

கல்வெட்டுகள் பலவும் ஆட்சியாண்டையே தருகின்றன. முதலாம் இராசராசன் 985ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஆட்சிக்கு வந்தான். எனவே அவனது 10ஆம் ஆட்சியாண்டு 994ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 995ஆம் ஆண்டின் நடுவில் முடிகிறது. இதனை ஒரே ஆண்டாக எழுத இயலாது. தொடக்க ஆண்டு 994, முடிவு ஆண்டு 995 என இரு எண்களாக எழுத வேண்டும்.

இசைக் கல்வெட்டில் ஆட்சியாண்டு இல்லை. எழுத்தமைதியைக் கொண்டு அதனை 7ஆம் நூற்றாண்டினது என்று அறிஞர் பலர் கருதுவர். இங்குத் தொடக்கம் 601, முடிவு 700, அடிப்படை ‘எழுத்தமைதி’ என்று குறிக்கலாம். ‘ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு’ என்று எழுத்தில் எழுதினால் மனிதர்க்கு விளங்கும்; வரிசைப்படுத்த உதவாது. கி.மு. ஆண்டுகளைக் கழித்தல் குறியுடன் எண்ணாக எழுதினால் ஏழடிப்பட்டத்துக் கல்வெட்டும் அதே வரிசையில் தன் இடத்தைப் பெறும்.

வினவும் முறை

இனி வினவலுக்கு வருவோம். புராசஸ்வயரில் பக்கங்களைத் தேடித் தருவது ‘ஃபைண்டு’ என்னும் கட்டளை. அதற்குத் தேர்வுத்தொடர் ஒன்றைத் தர வேண்டும். தேர்வுத்தொடர் என்பது புலப்பெயர், குறி, மதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த நிபந்தனைகளின் வரிசை. நிபந்தனைகளுக்கு இடையே காற்புள்ளி வரும். அக்காற்புள்ளிக்கு ‘மேலும்’ என்பது பொருள். மென்பொருளில் புலங்களின் உட்பெயர்களை உரோம எழுத்தில் இட வேண்டும்; விளக்கம் கருதி இங்குத் தமிழில் தருகிறோம்.

குடுமியான்மலைக் கல்வெட்டுகள் அனைத்தையும் பெற:

வார்ப்புரு=கல்வெட்டு, கண்ட_ஊர்.தலைப்பு=குடுமியான்மலை

இதில் உள்ள புள்ளியைக் கூர்ந்து நோக்குக. ‘கல்வெட்டு சுட்டும் ஊர்ப் பக்கத்துக்குச் சென்று, அதன் தலைப்பைப் பார்’ என்பது அதன் பொருள். இவ்வாறே மன்னர் பக்கத்துக்குச் சென்று அவரது மரபையும் பார்க்கலாம்:

வார்ப்புரு=கல்வெட்டு, மன்னர்.மரபு.தலைப்பு=சோழர், பொருள்_வகை.தலைப்பு=நீர்நிலை

கல்வெட்டுப் பக்கத்தில் ‘சோழர்’ என்று எங்குமே எழுதவில்லை. மன்னர் பக்கத்தில் ஒருமுறை எழுதியதே போதுமானதாயிற்று. சுட்டு முறையின் பயன் இதனால் விளங்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளுள் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும் எனின், இடையில் நெடுங்கோடு இட வேண்டும். வரிசைக்கும் அளவுக்கும் தனிச் சொற்கள் உள. ஆண்டு வரிசையில் முதல் இருபது பக்கங்களை மட்டும் பெற:

வார்ப்புரு=கல்வெட்டு, பொருள்_வகை.தலைப்பு=நீர்நிலை|கொடை, வரிசை=தொடக்க_ஆண்டு, அளவு=20

அளவு குறிக்காமல் ஆயிரம் பக்கங்களையும் ஒருங்கே கேட்டல் நன்றன்று. வழங்கியின் நினைவகம் வீணாகும். எத்தனை உள என்பது மட்டும் தேவை எனின், எண்ணித் தரும் ‘கவுண்ட்’ என்னும் கட்டளையே போதும்.

கால வினாவில் மாணவர் பெரிதும் தவறுவர். 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் வேண்டும் எனின், தொடக்கம் 1001க்கு மேலும் முடிவு 1100க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று எழுதிவிடுவர். அவ்வாறு எழுதினால், 990 முதல் 1010 வரை எனக் கணிக்கப்பட்ட கல்வெட்டு விடுபட்டுப் போகும். இரு காலப்பகுதிகள் சிறிதேனும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதே சரியான வினா:

வார்ப்புரு=கல்வெட்டு, தொடக்க_ஆண்டு<=1100, முடிவு_ஆண்டு>=1001

தொடக்கத்தை நூற்றாண்டின் முடிவோடும், முடிவை நூற்றாண்டின் தொடக்கத்தோடும் ஒப்பிடுவதே இதன் நுட்பம்.

வெளியார் தேடுபெட்டியில் இடும் சொல்லை அப்படியே தேர்வுத்தொடரில் சேர்த்தல் ஆகாது. காற்புள்ளியும் சமக்குறியும் அவர் தந்த சொல்லில் இருந்தால் வினாவே வேறாகிவிடும். அச்சொல்லைத் தூய்மை செய்து தருவதற்குச் ‘சானிட்டைசர்’ என்னும் கருவி மென்பொருளிலேயே உண்டு. அதனைத் தவறாது பயன்படுத்த வேண்டும்.

தமிழ் எழுத்தால் நேரும் இடர்கள்

பாடத்தினுள் சொல் தேடும்பொழுது தமிழுக்கே உரிய இடர்கள் சில தோன்றும். அவற்றுள் முதலாவது வேற்றுமை உருபு. ‘ஏரி’ என்ற சொல் ‘ஏரியை’, ‘ஏரிக்கு’ என வரும்; உட்பகுதியைத் தேடும் குறியாகிய %= இட்டால் அனைத்தும் கிடைக்கும். ‘குளம்’ என்பதோ ‘குளத்தை’, ‘குளத்து’ எனத் திரியும். ‘குள’ என்று மட்டும் தேடினால் ‘குளிர்’ என்பதும் வந்து சேரும். ஏனெனில் கணிப்பொறியில் ‘ளி’ என்பது ‘ள’கரமும் அதன்பின் வரும் இகரக் குறியுமே ஆகும். எனவே இவ்வாறு கேட்டல் வேண்டும்:

வார்ப்புரு=கல்வெட்டு, பாடம்%=குளம்|குளத்

தொல்காப்பியம் முதலாக நாம் பயிலும் புணர்ச்சி இலக்கணம் இங்குப் பயன்படுவதைத் தமிழ் மாணவர் உணர வேண்டும். இப்பணியைக் கணிப்பொறி வல்லுநர் மட்டும் தனித்துச் செய்தல் இயலாது.

இரண்டாவது இடர் குறியேற்றம். ‘கொடும்பாளூர்’ என்பதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்னும் இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடும்பொழுது இவ்விரண்டும் வேறு சொற்களாகக் கொள்ளப்படலாம். பி.எச்.பி.யில் ‘நார்மலைசர்’ என்னும் கருவி இவற்றை ஒருமுகப்படுத்தும். ஏற்றும்பொழுதும் தேடும்பொழுதும் அதனைப் பயன்படுத்தினால் இவ்விடர் நீங்கும்.

மூன்றாவது இடர் கருவியால் தீராதது. சித்தன்னவாசலில் திருப்பணி செய்த இளங்கௌதமன் பெயரில் உள்ள ஔகாரக் குறியைச் சிலர் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சிடுவர். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். உண்மையில் அது ‘கெளதமன்’ என்னும் வேறு சொல். இதனைத் தட்டச்சிடுவோரின் கவனமே தவிர்க்கும்.

1990களில் தட்டச்சிட்ட கோப்புகளை வைத்திருப்போர் உளர். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் இருந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகிய தரங்கள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே பக்கங்களில் ஏற்ற வேண்டும்.

விடையை மதிப்பிடல்

கணிப்பொறி ‘பூச்சியம்’ என்று விடை தந்தால், அத்தகைய கல்வெட்டே இல்லை என்று முடிவு செய்தல் கூடாது. புலம் நிரப்பப்படாதிருக்கலாம். ‘இல்லை’ என்பது வேறு. ‘இன்னும் பார்க்கவில்லை’ என்பது வேறு. புராசஸ்வயரில் மதிப்பின் இடத்தில் வெற்று மேற்கோள் குறி இட்டு வினவினால், அப்புலம் நிரப்பப்படாத பக்கங்களின் பட்டியல் கிடைக்கும்:

வார்ப்புரு=கல்வெட்டு, பொருள்_வகை=""

எந்த ஆய்வு முடிவையும் எழுதுமுன் இவ்வினாவைக் கேட்டுப் பார்த்தல் நேர்மையாகும். நூறு கல்வெட்டுகளுள் நாற்பதுக்குப் பொருள் வகை குறிக்கப்படாத நிலையில், ‘நீர்நிலைக் கல்வெட்டுகள் ஐந்தே’ என்று எழுதுவது பிழையான வரலாறு ஆகும்.

ஒருவர் ஏற்றியதை மற்றொருவர் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை பக்கத்தை ‘வெளியிடப்படாதது’ என்ற நிலையில் வைக்கலாம். ஃபைண்டு கட்டளை அத்தகைய பக்கங்களை இயல்பாகவே விலக்கிவிடும். ஒரே பக்கத்தை எடுக்கும் ‘கெட்’ என்னும் கட்டளை அத்தடையைப் பார்ப்பதில்லை என்பதை நிரல் எழுதுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

நூலகம் தரும் படிப்பினை

இம்முறை நடைமுறைக்கு ஒவ்வுமா என ஐயுறுவோர் இலங்கைத் தமிழரின் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைக் காண்க. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை மறவாத தமிழர்கள் 2005இல் தொடங்கிய நூலகம், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் பி.எச்.பி. மென்பொருளிலேயே அமைந்தது. அதில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் எனப் புலங்கள் ஒரே முறையில் நிற்கின்றன. மென்பொருள் வேறாயினும் கோட்பாடு ஒன்றே. நூல்களைப் படமெடுத்து வைத்ததோடு நில்லாமல், தேடி எடுக்கும்படியாக வைத்தமையே அதன் சிறப்பு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: ஒரு செய்தியை ஒரு புலத்தில் வைத்தல் வேண்டும். பெயரை எழுதாமல் சுட்டுதல் வேண்டும். சான்றையும் முடிவையும் பிரித்தல் வேண்டும். பக்க மரத்தைப் பொருட்பாகுபாட்டுக்குப் பயன்படுத்தாமை வேண்டும். நிரப்பாத புலத்தை நிரப்பாதது என்றே ஒப்புக்கொள்ளல் வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தால் மென்பொருள் மாறினும் உழைப்பு அழியாது. இன்று புராசஸ்வயரில் உள்ள புலங்களை நாளை வேறு மென்பொருளுக்கு எளிதில் மாற்றலாம். உரைநடையாகக் கலந்து எழுதியதை அவ்வாறு மாற்றுதல் மிக அரிது.

எம் மாணவர்கள் தம் தொகுப்பைப் பின்னர் இம்முறையில் மாற்றி அமைத்தனர். முதலில் எழுதியதைவிட மாற்றி அமைப்பதற்கே மிகுதியான நாட்கள் ஆயின. முறையறிந்து தொடங்கியிருந்தால் அந்நாட்களில் இன்னும் இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளைச் சேர்த்திருக்கலாம். அவர்கள் பட்ட அவ்வருத்தம் பிறர்க்கு நேரலாகாது.

மாணவச் செல்வங்கள் பெரும் திட்டம் ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. தம் ஊரையோ அண்டை ஊரையோ எடுத்துக்கொண்டு, அச்சில் வந்துள்ள கல்வெட்டுகளுள் பத்தினை முறையாகப் புலம் பிரித்து ஏற்றுக. ஆசிரியப் பெருமக்கள் அவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுத் தருக. ஊர்ப் பெரியவர்கள் பழம்பெயர்களையும் மடை, கலிங்கு, வாய்க்கால்களின் வழக்குப் பெயர்களையும் சொல்லி உதவுக. ஊர்ப் பக்கத்தில் நிரப்ப வேண்டிய அப்புலங்களுக்கு அவர்களது நினைவே மூலம். கண்மாயைத் தேடி வருபவர் இனி மூன்று நாள் காத்திருக்கலாகாது.